கையில் உள்ள பணமும் தலையில் உள்ள கடனும்



சென்ற மாதம் அரிசி வழங்கிய நாளில், ஆவடியிலிருந்து வரும் பெரியம்மா ஒருவர் பையை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்றார். முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்பவர். பேரனின் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்று அவரைக் கலங்க வைத்திருந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது, கஜானா காலி என்பது செய்தி. "ஏந்தம்பி, இந்தக் கடனை நம்மகிட்ட வந்து வசூல் பண்ணுவாங்களா? மாசப் பணம் நின்னு போயிடுமா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினோம். பிறகு யோசித்தபோது, நம்மில் பலருக்கே இதற்குச் சரியான விளக்கம் தெரியாது என்று தோன்றியது. எனவே இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம். அரசு தன் கையிருப்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறது, கடனை எப்படி நடத்துகிறது, அதிலிருந்து நம் வீடும் நம் அறக்கட்டளையும் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பார்ப்போம்.

முதலில் அந்த எண். அது 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இருந்தது. மாநிலத்தின் மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்ன சராசரி அது. எந்த வீட்டுக்கும் அனுப்பும் நோட்டீஸ் அல்ல. ஆண்டுகள் கடந்தும் அது புதுச் செய்தி போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டு கேள்விகள்

பெரியம்மா கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. ஒன்று, இன்று கொடுக்க வேண்டியதற்கு இன்று கையில் பணம் இருக்கிறதா என்பது. மற்றொன்று, மொத்தத்தில் எவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தாங்க முடியுமா என்பது. முதலாவது கையிருப்புக் கேள்வி, இரண்டாவது கடன் கேள்வி. இரண்டையும் குழப்பினால் வீண் பயமும் வரும், வீண் தைரியமும் வரும்.

வீண் தைரியம் எப்படி வரும் என்பதற்கு நம் அறக்கட்டளையே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் முடிந்த கையோடு நம் வங்கிக் கணக்கில் 4 லட்சத்துக்கு மேல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். ஆனால் அதில் பெரும்பகுதி ஜகாத். உரியவர்களுக்கு மட்டுமே சேர வேண்டியது. இன்னொரு தொகை, ஜனாஸா குளிர்பெட்டி வாங்கவென்றே ஒருவர் கொடுத்தது. இரண்டையும் கழித்தால் பொது நிதியில் சில ஆயிரங்களே இருந்தன. ரமளானில் அள்ளிக் கொடுத்தவர்கள் அடுத்த இரண்டு மாதம் சந்தா தருவதில் கொஞ்சம் தளர்வது வழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சகோதரர்கள் சிலருக்கு அந்த நேரம் ஓவர்டைமும் குறைந்திருந்தது. ஜூன் மாதம் அலுவலக வாடகை, தையல் வகுப்பு ஆசிரியையின் சம்பளம், ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் சம்பளம் மூன்றும் சேர்ந்து நின்றபோது கொடுக்கப் பணம் இல்லை. கணக்கில் லட்சங்கள், கையில் ஒன்றுமில்லை! நிர்வாகக் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் 80 ஆயிரம் ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்து மானம் காத்தார். அந்தக் கைமாற்றின் கதைக்குப் பிறகு வருவோம்.

அரசின் மூன்று பைகள்

நம்மைப் போலவே அரசுக்கும் எல்லாப் பணமும் ஒரே பையில் இல்லை. அரசியல் சாசனம் மூன்று பைகளைச் சொல்கிறது. வரி, கட்டணம், வாங்கிய கடன் எல்லாம் சேருமிடம் தொகுநிதி. சட்டமன்றத்தின் அனுமதியின்றி இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. இரண்டாவது, எதிர்பாராச் செலவுக்கான நிதி. புயல், வெள்ளம் போன்ற அவசரத்துக்கு இதிலிருந்து எடுத்துவிட்டு, சட்டமன்றத்தின் ஒப்புதல் பெற்றுத் திரும்ப நிரப்ப வேண்டும். மூன்றாவது, பொதுக் கணக்கு. அரசு ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி, ஒப்பந்தக்காரர்கள் கட்டிய முன்வைப்புத் தொகை போன்றவை இதில் இருக்கும். இது அரசின் சொந்தப் பணம் அல்ல. உரியவர் கேட்கும்போது திருப்பித் தர வேண்டியது. நம் சொல்லில் சொன்னால் அமானத்.

மாநில அரசின் வங்கியாளர் ரிசர்வ் வங்கி. 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 21ஏ பிரிவின்படி மாநிலங்கள் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன. கருவூலங்கள் வழியாக நடக்கும் வரவும் செலவும் நாள் முடிவில் ரிசர்வ் வங்கியில் உள்ள மாநிலக் கணக்கில் வந்து நிற்கும். அங்கே ஒரு குறைந்தபட்ச இருப்பை மாநிலம் வைத்திருக்க வேண்டும்.

தேதிதான் பிரச்சினை

அரசுக்கு வருமானம் வரும் தேதியும் செலவு வரும் தேதியும் ஒன்றாக இருப்பதில்லை. மத்திய வரிகளில் மாநிலத்தின் பங்கு மாதத்தின் 10ஆம் தேதியை ஒட்டி வருகிறது. ஜிஎஸ்டி கணக்கைப் பெரும்பாலான வணிகர்கள் 20ஆம் தேதியை ஒட்டித் தாக்கல் செய்கிறார்கள். ஆனால் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதி போக வேண்டும். 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தலா 1,000 ரூபாய் என்றால், அந்த ஒரு செலவுக்கே 1,000 கோடிக்கு மேல் வேண்டும். மாதக் கடைசி வேலை நாளில் ஊழியர் சம்பளமும் ஓய்வூதியமும். இடையில் பழைய கடன் பத்திரங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி.

ஆண்டு முழுவதற்கும் வரவும் செலவும் சரியாகவே இருந்தாலும், மாதத்தில் சில நாள் பணம் மிஞ்சும், சில நாள் குறையும். குறையும் நாட்களுக்காக ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கைமாற்றுக்கு 'வழிவகை முன்பணம்' என்று பெயர். இதை மூன்று மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து இதன் உச்சவரம்பு 2022 ஏப்ரலிலிருந்து 47,010 கோடி ரூபாயாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது 60,118 கோடியாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதில் தனித்தனி வரம்பு உண்டு. இதற்கான வட்டி ரெப்போ விகிதம்.

அந்த வரம்பையும் தாண்டினால் அது ஓவர்டிராஃப்ட். வட்டி ரெப்போவைவிட 2 சதவீதம் கூடுதல். தாண்டிய தொகை வரம்புக்குச் சமமான அளவையும் மீறினால், மீறிய பகுதிக்கு 5 சதவீதம் கூடுதல். நாட்களுக்கும் கணக்கு உண்டு. தொடர்ந்து 14 வேலை நாட்களுக்கு மேல் ஓவர்டிராஃப்ட்டில் இருக்கக் கூடாது. ஒரு காலாண்டில் மொத்தம் 36 வேலை நாட்களுக்கு மேலும் கூடாது. 14 நாள் தாண்டினால் அந்த மாநிலத்தின் சார்பாகப் பணம் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்திவிடும். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் இந்த நாட்களை 21 என்றும் 50 என்றும் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

வட்டி விஷயத்தில் நம் மார்க்கத்தின் நிலை வாசகர்களுக்குத் தெரியும். இங்கே அரசின் நடைமுறையை அப்படியே விளக்குகிறோம், அவ்வளவே. இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது அதன் வேலியை. எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், மீறினால் என்ன ஆகும் என்ற மூன்றுமே வாங்குவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கின்றன.

மிஞ்சினாலும் செலவுதான்

பணம் மிஞ்சினால் நல்லதுதானே என்று தோன்றும். முழுக்க அப்படியல்ல. மாநிலத்தின் உபரி ரிசர்வ் வங்கியில் 14 நாள் ட்ரெஷரி பில்லில் தானாகப் போய் உட்காரும். அதற்குக் கிடைக்கும் வட்டி மிகக் குறைவு. அதே மாநிலம் சந்தையில் 7 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தால், ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும் ஒவ்வொரு 1,000 கோடிக்கும் 70 கோடி செலவாகிறது. வருவதோ அதைவிட மிகவும் குறைவு. எனவே பணத்தைத் தேவைக்கு முன்பே கடனாக வாங்கிக் குவிப்பதும் தவறு. துறைகளும் வாரியங்களும் அரசுப் பணத்தைத் தனித்தனி வங்கிக் கணக்குகளில் போட்டு வைப்பதும் தவறு. ஒரு பக்கம் கணக்கில் பணம் தூங்க, மறுபக்கம் கருவூலம் கடன் வாங்கும்.

வீட்டுக்கும் இது பொருந்தும். பீரோவில் நகைச் சீட்டுப் பணத்தை வைத்துக்கொண்டே, மளிகைக் கடையில் கடன் சொல்லும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம்.

நீண்ட காலக் கடன்

இனி பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி. மாநில அரசு தன் நீண்ட காலக் கடனில் பெரும்பகுதியைப் பத்திரங்களாக விற்றே வாங்குகிறது. ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் அதற்கு ஏலம் நடத்துகிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள் வாங்குகின்றன. அதாவது நம் எல்ஐசி பிரீமியமும் வங்கிச் சேமிப்பும் சுற்றி வந்து அரசுக்குக் கடனாகப் போகின்றன. எவ்வளவு வாங்கலாம் என்பதை மாநிலம் மட்டும் முடிவு செய்ய முடியாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி உள்ள மாநிலம், அரசியல் சாசனத்தின் 293ஆவது பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள். அந்த ஆண்டில் வாங்கத் திட்டமிட்ட கடன் சுமார் 1,62,097 கோடி. அதில் பழைய கடனைத் திருப்பவே சுமார் 55,845 கோடி போகும். 2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் சுமார் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது மதிப்பீடு. கேட்டால் தலை சுற்றும். ஆனால் கடனைத் தனியாகப் பார்க்கக் கூடாது, வருமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இது மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 26 சதவீதம். வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 70 ஆயிரம் கோடிக்கு மேல். மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3,31,569 கோடி. வரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 21 காசு வட்டிக்குப் போகிறது என்று பொருள்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, வாங்கிய கடன் எங்கே போகிறது என்பது. பூந்தமல்லி வரை எழுந்து நிற்கும் மெட்ரோ தூண்களைத் தினமும் பார்க்கிறோம். 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பு 63,246 கோடி. அதில் பெரும்பங்கு வெளிநாட்டு நிதி அமைப்புகளின் கடன்தான். ஆனால் நம் பேரப்பிள்ளைகளும் அதில் பயணம் செய்வார்கள். அவர்கள் காலத்திலும் கொஞ்சம் கட்டுவது நியாயம். அன்றாடச் செலவுக்கு வாங்கும் கடன் அப்படியல்ல. அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,635 கோடி. நிதிப் பற்றாக்குறை சுமார் 1,06,963 கோடி. அதாவது புதிதாகச் சேரும் கடனில் ஐந்தில் இரண்டு பங்கு அன்றாடச் செலவுக்கே போகிறது. கஞ்சி காய்ச்சும் பாத்திரத்துக்குக் கடன் வாங்கலாம், தினமும் கஞ்சிக்கே கடன் வாங்கினால் எவ்வளவு நாள் ஓடும்? கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

பிற்காலத்தில் திருப்பிக் கட்டுவதற்காக மாநிலங்கள் ரிசர்வ் வங்கியிடம் கடன் தீர்வு நிதி ஒன்றை வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் நிலுவைக் கடனில் அரை சதவீதமாவது இதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இப்படிச் சேர்த்து வைத்த மாநிலத்துக்கு ஒரு சலுகை உண்டு. கையிருப்பு குறையும் நாட்களில், அந்தச் சேமிப்பை ஈடாகக் காட்டி ரெப்போவைவிடக் குறைந்த வட்டிக்கே ரிசர்வ் வங்கியிடம் எடுத்துக்கொள்ளலாம்.

யார் கையில் இந்தச் சாவி?

மத்திய அரசும் ஒருகாலத்தில் பணம் குறைந்தபோதெல்லாம் 'அட்ஹாக் ட்ரெஷரி பில்' என்ற சீட்டை எழுதிக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் வரம்பின்றிப் பணம் எடுத்தது. அது புதுப் பணம் அச்சிடுவதற்குச் சமம். விலைவாசி ஏறி ஏழையின் தட்டில்தான் கை வைக்கும். 1997 ஏப்ரலில் அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது. வரம்புள்ள வழிவகை முன்பணம் அதன் இடத்துக்கு வந்தது.

வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கியே அரசின் கடன் பத்திரத்தையும் விற்றுத் தரலாமா என்ற கேள்வியும் உண்டு. பிரிட்டன் 1998இல் இதற்கென்றே தனி அலுவலகம் அமைத்தது. இந்தியாவில் 2015 பட்ஜெட்டில் அப்படி ஒரு முகமை அறிவிக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. 2016இல் நிதி அமைச்சகத்தில் ஒரு பிரிவு மட்டும் தொடங்கப்பட்டது. இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. கடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. ஆனால் அது வெளியே தெரிந்தது, கட்ட வேண்டிய நாளில் கையில் டாலர் இல்லாதபோதுதான். அதன் விலையை அங்குள்ள மக்கள் எரிபொருள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். 2024இல் அந்த நாடும் பொதுக் கடன் மேலாண்மைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

அரசுக்கு ஜனாஸா இல்லை

இனி அந்த 80 ஆயிரத்தின் கதை. கொடுத்த பெரியவர் நான்கு மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். ஜனாஸா தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று வழக்கப்படி அறிவித்தார். வரிசையில் நின்ற நாம் தலைகுனிந்தோம். அவர் தர வேண்டியது எதுவும் இல்லை. அவருக்கு நாம்தான் தர வேண்டியிருந்தது. பிறகு கணக்கை எடுத்து உட்கார்ந்தபோது, 20 ஆயிரம் திருப்பியதாக நம் பொருளாளருக்கு ஞாபகம். ஆனால் வாங்கியதற்கும் சீட்டு இல்லை, திருப்பியதற்கும் சீட்டு இல்லை. மகனுக்கு எதுவுமே தெரியாது. ஜகாத்திலிருந்தோ குளிர்பெட்டிப் பணத்திலிருந்தோ தொட முடியாது. நிர்வாகிகள் தங்கள் சொந்தப் பணத்தில் 80 ஆயிரத்தையும் முழுமையாகச் சேர்த்துக் கொடுத்தோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று மேடையில் பலமுறை பேசியவர்கள் நாம். நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அரசுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அரசு மரணிப்பதில்லை. பத்து ஆண்டுப் பத்திரம் முதிர்ந்தால் புதுப் பத்திரம் விற்றுப் பழையதைக் கட்டும். மனிதனுக்கு அந்த வசதி இல்லை. "கவர்மெண்டே கடனில்தான் ஓடுகிறது, நமக்கென்ன?" என்று சொல்லி, ஒரு சுய உதவிக் குழுக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன. அரசிடமிருந்து கடனைப் புரட்டும் பழக்கத்தை எடுக்காதீர்கள். எழுதுவதையும் வரம்பு வைப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு நம் அறக்கட்டளை ஐந்து விதிகளை வைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஜமாஅத்தும் குடும்பமும் தங்களுக்கு ஏற்றபடி இவற்றைப் பின்பற்றலாம்.

1. ஜகாத், குறிப்பிட்ட நோக்கத்துக்கான நன்கொடை, பொது நிதி மூன்றுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. இருப்பைச் சொல்லும்போது மூன்றையும் தனித்தனியாகவே சொல்ல வேண்டும்.

2. அடுத்த மூன்று மாதத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரே தாளில் எழுதி வைப்பது.

3. மூன்று மாத வாடகையும் சம்பளமும் பொது நிதியில் எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும். ரமளான் சந்தாவில் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம். அதற்கு மேல் பொது நிதியில் சேர்ந்தால் தூங்க விடாமல் நலப்பணிக்கு அனுப்பிவிட வேண்டும்.

4. கைமாற்று வாங்க நேர்ந்தால் தொகை, தேதி, திருப்பும் நாள், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம். திருப்பும்போதும் ரசீது. 90 நாளுக்கு மேல் எந்தக் கைமாற்றும் கூடாது.

5. ஆம்புலன்ஸ் போன்ற பெரிய பொருள் என்றாவது பழுதாகும் என்பது தெரிந்த விஷயம். அதற்காக மாதம் ஒரு சிறு தொகை இப்போதே தனியாக ஒதுக்குவது.

கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது. வந்து பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பவரை நாம் குறையாக நினைப்பதில்லை.

பெரியம்மாவுக்கான பதிலையும் எழுதிவிடுகிறோம். அம்மா, அந்தக் கடனைக் கேட்டு உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். உங்கள் உதவித்தொகை சட்டமன்றம் ஒப்புதல் தந்த செலவு. பணம் குறையும் நாட்களைச் சமாளிக்க அரசுக்கு வழி இருக்கிறது. ஆனால் கடன் யாருடையதும் அல்ல என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் வாங்கும் சோப்பிலும் பேரன் ஏறும் பஸ் ஓடும் டீசலிலும் உள்ள வரியிலிருந்துதான் அதன் வட்டி போகிறது. ஆகவே எதற்காகக் கடன் வாங்குகிறீர்கள் என்று ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த மாதம் அரிசி வாங்க வரும்போது இந்தப் பக்கத்தைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்க வேண்டியதை உரிய நாளில் கொடுக்கும் வசதியையும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்